பாதியில் மூடியவர்களையும் மலரில் சேருங்கள்

வாசகர் வட்டத்தின் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அண்ணனுக்கும், நிர்வாகக் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

இதை உங்களுக்குத் தனியாகவே அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பினேன். "பார்த்தோம், குழுவில் பேசுகிறோம்" என்று பதில் வந்தது, அதோடு சரி. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் இருக்கிறது. மரியாதை குறையவில்லை.

போன கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவுகள் இரண்டு. ஆண்டு மலரில் 'எரியும் பனிக்காடு' நாவலைப் பற்றி வந்த கட்டுரைகளில் "நூலின் மேன்மையை உணர்ந்து எழுதப்பட்டவை" மட்டும் அச்சேறும் என்பது ஒன்று. வந்தவை பத்தொன்பது, தேறியவை ஏழு. அடுத்த ஆண்டுப் பட்டியலில் "மனச்சோர்வு தரும் புதினங்கள்" வேண்டாம் என்பது இன்னொன்று. அதாவது, இது மகத்தான புத்தகம், குறை சொல்லக் கூடாது. ஆனால் இது மாதிரிப் புத்தகம் இனிமேல் நமக்கு வேண்டவே வேண்டாம். ஒரே கூட்டத்தில், ஒரு டீக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இவை இரண்டும் எப்படி நிறைவேறின என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

நம் வட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நீலகிரியில் பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கம் இருக்கிற முப்பது பேர் இரண்டாவது ஞாயிறுதோறும் ஒரு பள்ளி வகுப்பறையில் கூடுகிறோம். அங்கன்வாடி டீச்சர் இருக்கிறார், தபால்காரர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழ் ஐயா இருக்கிறார், தேயிலைத் தொழிலாளிகள் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் ரேஷன் கடையில் பில் போடுகிறவள். வட்டத்தின் புத்தகப் பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது. நாலரை மணிக்குக் கூட்டத்தை முடித்தாக வேண்டும். ஐந்துக்கு மேல் எந்த வளைவில் யானை நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த நாவலை நாம் எடுத்ததே பெரிய விஷயம் என்று இப்போதும் நினைக்கிறேன். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று எழுதி, 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது 'எரியும் பனிக்காடு' ஆனது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி சொன்னதை நம்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு ஆனைமலைக்கு ஏறுகிறார்கள். காலம் 1920கள். ஏறியவர்கள் இறங்கினார்களா என்பதை நான் சொல்லப் போவதில்லை. நம் உறுப்பினர்களிலேயே சிலர் இன்னும் முடிக்கவில்லை.

அது ஆனைமலை, இது நீலகிரி. ஆனால் தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடான லைன் வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு அந்தப் புத்தகத்தில் அறிமுகமில்லாதது என்று ஒன்றும் கிடையாது. அட்டை கடிப்பதும், கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் அழுத்துவதும், எடை போடும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதும் யாரும் விளக்கிச் சொல்லாமலே புரியும். அதனால்தான் நான்கு மாதம் ஒரே புத்தகத்தைப் படித்தோம். அதனால்தான் சண்டையும் வந்தது.

தேறிய ஏழு கட்டுரைகளையும் படித்தேன். மெய்ப்புப் பார்க்க என்னிடம்தானே கொடுத்தீர்கள். நன்றாகவே இருக்கின்றன. ஐந்தில் "கண்ணீரை வரவழைக்கும் காவியம்" என்ற தொடர் வருகிறது. அந்த ஐந்தை எழுதியவர்களில் இரண்டு பேர் புத்தகத்தை எடுத்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை. நம்மிடம் இருப்பதே நான்கு பிரதி. சரி, வெளியே வாங்கிப் படித்திருக்கலாம், நான் நீதிபதி இல்லை. ஆனால் தள்ளப்பட்ட பன்னிரண்டையும் எழுதியவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அவர்கள் புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது அது எந்த நிலையில் வந்தது என்பதும் தெரியும்.

மேஸ்திரியின் பேரன் அண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதியது ஆறு பக்கம். மேலே சிவப்பு மையில் "நூலுக்கு எதிரானது" என்று யாரோ எழுதியிருக்கிறீர்கள். அவர் என்ன எழுதினார்? "எங்கள் தாத்தாவும் முன்பணம் கொடுத்து ஆள் ஏற்றிக் கொண்டுவந்தவர்தான். ஆள் சம்பாதிக்கிற ஒவ்வொரு ரூபாயிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்தக் காசில் வாங்கிய இடத்தில்தான் என் கடை இருக்கிறது. அவரும் இதே மலையில் காய்ச்சலில்தான் செத்தார். அவரை நான் எந்தப் பக்கத்தில் வைப்பது?" இதில் நூலுக்கு எதிராக என்ன இருக்கிறது? அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து "ரத்தம் அப்படித்தான் பேசும்" என்று ஒரு குரல் வந்தது. அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நாற்காலி ஒன்று கால் உடைந்து இன்னமும் மூலையில் கிடக்கிறது.

அவர் இப்போது கூட்டத்துக்கு வருவதில்லை. அடுத்த வாரம் அவர் கடைக்குப் போனேன், பிரதியைத் திருப்பி வாங்க. சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே புத்தகத்தை நீட்டினார். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு, ஓரத்தில் கேள்விக்குறி, சில இடத்தில் தேதி. வட்டத்துப் புத்தகத்தில் பேனா வைத்ததற்கு அபராதம் போட வேண்டும், விதி இருக்கிறது. போடவில்லை. இவ்வளவு நெருக்கமாக நம்மில் வேறு யாரும் அதைப் படிக்கவில்லை என்று அந்த அடிக்கோடுகளைப் பார்த்தபோது தோன்றியது.

அப்புறம் அந்தத் திருப்பூர்த் தம்பி. இருபத்து மூன்று வயது, இரண்டு வருஷத்தில் மூன்று கம்பெனி மாறியவன். அவன் எழுதியது முக்கால் பக்கம். "கருப்பன்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தாங்குகிறான், தாங்குகிறான், தாங்கிக்கொண்டே இருக்கிறான். ராத்திரியோடு ராத்திரியாக இறங்கி ஓட வேண்டியதுதானே?" இதற்கு உங்கள் குறிப்பு: "நூலைப் புரிந்துகொள்ளவில்லை."

அண்ணா, அன்றைக்கு அவன் அதைக் கேட்டதால்தானே நம் வட்டத்தின் மிக நல்ல ஒரு மணி நேரம் கிடைத்தது! பழைய தொழிற்சங்கத் தாத்தா எழுந்து நின்று சொன்னாரே, நினைவிருக்கிறதா? 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால் அது வெறும் கடன் பாக்கி இல்லை, குற்றம். மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தலாம், உள்ளேயும் தள்ளலாம். அது போதாதென்று 1903இல் சென்னை மாகாணத்தில் தோட்ட முதலாளிகளுக்கென்றே தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். 1859 சட்டத்தை எடுத்ததே 1920களின் நடுவில்தான். கருப்பன் மலை ஏறுகிற காலமும் கிட்டத்தட்ட அதுதான். சட்டம் போனாலும் பயம் உடனே போய்விடுமா? ஓடினால் எங்கே ஓடுவது, கீழே ஊரில் என்ன இருக்கிறது, மேஸ்திரிக்கு அந்த ஊரும் தெரியும், அப்பன் பெயரும் தெரியும்.

அந்தத் தாத்தா உட்கார்ந்ததும் எங்கள் எதிர் லைன் அம்மாயி தன் பங்குக்கு ஆரம்பித்தார். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்ததாம். இவ்வளவு கடனை அடைத்தால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம். அதைக் கங்காணி, அதாவது அந்த ஊர் மேஸ்திரி, இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, அங்கே கடன் வாங்கி, இங்கே அடைத்து, ஆளை அங்கே கொண்டுபோவான். ஆள் போகும், கடனும் கூடவே போகும். 1921இல் அதை ஒழித்தார்கள். அம்மாயி பிறந்ததே பிறகுதான். ஆனால் அவருடைய அம்மாயி சொன்னது அவருக்கு மனப்பாடம்: "ஆளுக்கு வெல இல்ல புள்ள, துண்டுக்குத்தான் வெல." அதைக் கேட்டபோது திருப்பூர்த் தம்பியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவன் கருத்தை மாற்றிக்கொண்டான் என்று சொல்லவில்லை. வெளியே வந்ததும், "அக்கா, அப்பவும் எனக்கு எரிச்சலாத்தான் இருக்கு, ஆனா கருப்பன்மேல இல்ல" என்றான். இதை மலரில் போட முக்கால் பக்கம் தாராளம்.

இனி அம்மாயி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலுக்கு அவர்தான் காரணம்.

அம்மாயிக்கு எழுத்து தெரியாது. கண்ணும் மங்கல். நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அந்த எண்ணுக்குள் அம்மாயியும் உண்டு, அவர் புருஷனும் உண்டு, இடுப்பில் ஒரு பையனும் உண்டு. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, ரயிலும் பஸ்ஸுமாக இந்த மலைக்கு வந்தார்கள். இப்படி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு இங்கே தேயிலை நடத் தொடங்கியது, அதுதான் இன்றைய டான்டீ. ஊர்க்காரர்களுக்கு இவர்கள் இன்னமும் 'சிலோன்காரங்க'. அங்கே இருந்தபோது 'இந்தியாக்காரங்க'.

அவருக்கு ஞாயிறு மத்தியானம் நான் வாசித்துக் காட்டுவேன். புத்தகத்தில் 'மேஸ்திரி' என்று வருகிற இடமெல்லாம் 'கங்காணி' என்று மாற்றிப் படிக்கச் சொன்னார். படித்தேன். லைன் வீடு என்று நான் சொன்னால் "லயம்" என்று திருத்துவார். மொழிபெயர்ப்பாளர் மன்னிக்க வேண்டும், எங்கள் வீட்டு வாசலில் அந்த நாவலுக்கு இன்னொரு மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது.

முதல் இரண்டு மாதம் அம்மாயி அழவே இல்லை. நான்தான் இரண்டு முறை குரல் உடைந்து நிறுத்தினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு, "ம், அப்புறம்?" என்பார். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கசப்பாகக்கூட இருந்தது. இவ்வளவு பெரிய துக்கத்தைக் கேட்டுவிட்டு ஒரு பெண்பிள்ளை இப்படிக் கல் மாதிரி இருக்க முடியுமா என்று நினைத்தேன். நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

நாவலில் காய்ச்சல் வந்து லைன் லைனாக ஆட்கள் விழுகிற பகுதி வருகிறது. அதை முந்தின ராத்திரியே நான் தனியாகப் படித்துவிட்டேன். அம்மாயியின் முதல் பையன், அதே இடுப்பில் வந்த பையன், இங்கே வந்த முதல் மழையில் காய்ச்சலில் போனவன். லைனில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். அதனால் மறுநாள் ஒரு வேலை செய்தேன். பதினோரு பக்கத்தைத் தாண்டி வாசித்தேன்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "என்னா புள்ள, தாளச் சேத்துப் பொரட்டிட்ட?"

இல்லை அம்மாயி என்றேன்.

"முந்தி காய்ச்ச வந்துச்சின்ன. இப்ப எல்லாரும் கொழுந்துக்குப் போறாங்க. நடுவுல என்னமோ வுட்டுட்ட. எனக்குக் கண்ணுதான் தெரியாது."

திரும்பப் போய் அந்தப் பதினோரு பக்கத்தையும் வாசித்தேன். வெளியே மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தை மீறிச் சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு சௌகரியம், குரல் நடுங்குவது தெரியாது. முடித்ததும் அம்மாயி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "போதும், மூடு" என்றார். அடுத்த ஞாயிறும் வேண்டாம் என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான்.

அவருடைய கருத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதி, கைநாட்டு வாங்கி, உங்களுக்கு அனுப்பினேன். உங்கள் குறிப்பு: "நூலை முழுமையாக வாசிக்காதவர்."

அவர் சொன்னதில் ஒரு பகுதியை இங்கே தருகிறேன். பேச்சிலேயே இருக்கட்டும். "நல்லாத்தான் எழுதியிருக்காரு டாக்டரு. பொய் இல்ல. ஆனா இதுல யாரும் சிரிக்கக் காணோமே. நாங்க சிரிச்சோம். மாசியில காமன் கூத்து ஆடுனோம், விடிய விடிய. ரதிக்கு வேசம் கட்டுன ஆளுக்கு மீச ஒட்டிக்கிட்டு இருக்கும், அதப் பாத்துப் பாத்துச் சிரிப்போம். மறுநாத்து காலையில பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போவோம். கஸ்டம்னா அழுதுகிட்டே இருப்பாங்கன்னு நெனச்சா எப்படி? அழுதுகிட்டே இருந்தா அன்னைக்கே செத்திருப்போம்."

மேடையில் பேசுகிற எந்த விமர்சகர் சொன்னாலும் நாம் கைதட்டியிருப்போம். தமிழ் ஐயா இதைக் கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று உணர்ச்சி எட்டைச் சொல்லும்போது முதலில் வைப்பது நகை, அதாவது சிரிப்பு, அடுத்தது அழுகை, "அம்மாயி வரிசை மாறாமல் பேசுகிறார்" என்றார். எனக்கு இலக்கணம் அவ்வளவு தெரியாது. ஆனால் அன்றைக்கு அவர் கரும்பலகையில் எழுதிப் போட்ட அழுகைச் சூத்திரத்தைப் பதிவேட்டின் பின்னட்டையில் குறித்து வைத்திருக்கிறேன்: "இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே." பிறர் நம்மைக் கேவலமாக நடத்துவது, உயிரையோ பொருளையோ பறிகொடுப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. அழுகை பிறக்க இந்த நான்கு.

இதை மனதில் வைத்துக்கொண்டு பத்தொன்பது கட்டுரையையும் திரும்பப் படித்தேன். அங்கன்வாடி டீச்சர் அழுதது எடை போடும் இடத்தில் பெண்களை ஏசுகிற பக்கத்துக்கு. தபால்காரர் அழுதது, ஊரில் இருந்தபோது எப்படி இருந்தோம் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கிற இடத்துக்கு. அவருடைய அப்பாவுக்கு ஒரு காலத்தில் கீழே நிலம் இருந்தது. ஒரே புத்தகம்தான், ஆளுக்கு ஒரு இடத்தில் பிடித்திருக்கிறது. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண்கள் அவரவர் செத்தவர்களையும் சேர்த்துத்தான் அழுவார்கள். யாரும் போய், "அம்மா, நீ இந்தப் பிணத்துக்கு மட்டும் அழு" என்று சொல்வதில்லை.

ஓய்வுபெற்ற டிஸ்பென்சரி சிஸ்டருக்கு அழுகையே வரவில்லை. "எனக்கு வெட்கமா இருந்துச்சு" என்று எழுதியிருக்கிறார். ஒரு தோட்டத்து மருந்தகத்தில் இருபது வருஷம், தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணியை ஊற்றிக் கொடுத்த கை அது. நடுவட்டத்தில் 1860களிலேயே சிங்கோனா பயிரிட்டு, கொயினா தயாரித்த மலை இது. கொயினா இருந்தும் மலேரியாவில் ஆட்கள் செத்தார்கள் என்றால் அது மருந்து இல்லாத குறையா, கொடுக்க மனசு இல்லாத குறையா என்று அவர் கேட்கிறார். 'பரதேசி' படத்தைப் பற்றியும் ஒரு பத்தி திட்டியிருக்கிறார். நாவலை எழுதியவரே தொழிலாளிகளுக்காக நின்ற மருத்துவர், 2013இல் பாலா அதைப் படமாக்கியபோது மருத்துவர் வருகிற இடத்தை மோசமாகக் காட்டியது அநியாயம் என்கிறார். நான் படத்தை வேறு மாதிரி பார்க்கிறேன். அது கிடக்கட்டும். அந்தப் பத்தியை வெட்டிவிட்டுப் போட்டால்கூட அவர் சம்மதிப்பார், கேட்டேன். நீங்கள் மொத்தமாகவே தள்ளிவிட்டீர்கள்.

இந்த மலையின் பழங்குடியான பணியர் இனத்துத் தம்பி எழுதவில்லை, ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: "உங்க எல்லார் கதையிலயும் நீங்க வர்றதுக்கு முன்னாடி மலை காலியா இருந்த மாதிரியே இருக்கு." யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை என்ன சொல்வதென்று. அதையும் எழுதி அனுப்பினேன். "நூலுக்குத் தொடர்பில்லாதது" என்று வந்தது.

கோவையிலிருந்து சிறப்பு விருந்தினராக வந்தவரையும் விட்டுவிடக் கூடாது. நல்ல மனுஷர், உருகிப் பேசினார். "இந்த நூலைப் படித்தபின் ஒரு வாய் தேநீர்கூட எனக்கு இறங்கவில்லை" என்றார். முன்வரிசையிலிருந்த அம்மாயி என் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கூடமே கேட்கிற மாதிரிக் கேட்டார்: "இவுக எல்லாம் குடிக்காட்டி எங்களுக்குச் சம்பளம் எப்புடி வரும்?" விருந்தினரே சிரித்துவிட்டார். சிரித்தபிறகு, கொடுத்த டீயையும் குடித்தார். அவர் பேச்சு மலரில் முதல் கட்டுரை. அம்மாயியின் பதில் இல்லை.

புகழ் பெற்ற புத்தகத்தைக் குறை சொன்னால் நம்மை ரசனை இல்லாதவர்கள் என்று வெளியே நினைப்பார்கள் என்பது உங்கள் பயம். புரிகிறது. ஆனால் துக்கமான புத்தகம் எது வந்தாலும் இது நடக்கிறதுதான். 1895இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் ஹார்டியின் 'ஜூட்' நாவல் வந்தபோது ஒரு பிஷப் அதைத் தீயில் தூக்கிப் போட்டேன் என்று பத்திரிகைக்கே எழுதினார். ஹார்டி அதன்பிறகு நாவலே எழுதவில்லை, கவிதை பக்கம் போய்விட்டார். தமிழ் ஐயா இதைச் சொன்னபோது நான் ஹார்டிக்காக வருத்தப்பட்டேன். வீட்டுக்கு வரும் வழியில், அடுப்பில் போடுகிற அளவுக்கு அந்தப் புத்தகம் பிஷப்பை ஏதோ செய்திருக்கிறதே என்று தோன்றியது. நம் வட்டத்தில் யாரும் எதையும் எரிக்கவில்லை. ஒரு நாற்காலிதான் உடைந்தது.

இரண்டாவது முடிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "மனச்சோர்வு தரும்" புத்தகம் வேண்டாம் என்று பட்டியலில் தன்னம்பிக்கை நூல்கள் ஐந்து போட்டிருக்கிறீர்கள். வாங்குங்கள், யாராவது படிப்பார்கள். ஆனால் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். நான்கு வருஷத்தில் வரிசை கட்டிக் காத்திருந்து எடுத்துப் போன ஒரே புத்தகம் 'எரியும் பனிக்காடு'. சோர்ந்துபோனவர்கள் எப்படி அடுத்த கூட்டத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்தார்கள்? சண்டை போட வந்தார்கள் என்பீர்கள். வரட்டுமே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பன்னிரண்டு கட்டுரைகளையும் மலரில் சேருங்கள், இடம் போதாவிட்டால் எல்லாருடையதையும் சமமாகச் சுருக்குங்கள், என்னுடையதை முதலில் எடுத்துவிடுங்கள். அம்மாயியின் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றாதீர்கள். பணியர் தம்பியின் ஒரு வாக்கியத்தைத் தனிப் பக்கத்தில் போடுங்கள், சுற்றிலும் எதுவும் வேண்டாம். மேஸ்திரி பேரன் அண்ணனிடம் யாராவது நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம். அன்று பின்வரிசையிலிருந்து பேசியவரும் கூடவே போனால் இன்னும் நல்லது. அவர் யாரென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாற்காலிக்கு ஆசாரியிடம் நான் சொல்லிவிட்டேன்.

இன்னொரு விஷயம். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரேஷன் கடையை அடைத்துக்கொண்டு வரும்போது அம்மாயி வாசலில் உட்கார்ந்திருந்தார். "மிச்சம் எத்தன தாளு இருக்கு?" என்று கேட்டார். நாற்பது சொச்சம் என்றேன். "கருப்பன் என்னா ஆனான்னு தெரியாம ராத்திரி தூக்கம் வரல புள்ள. ஞாயித்துக்கெழம வா. ஒன்னும் வுடாமப் படிக்கணும்" என்றார்.

அதனால் நான்காவது பிரதி இப்போதைக்கு வராது. தவணை முடிந்து பதினெட்டு நாள் ஆகிறது, பதிவேட்டில் என் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அபராதத்தை நான் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பதிவேடு வைத்திருப்பவள்,
சேரம்பாடிப் பக்கம்